மொட்டையின் முகவரி

மொட்டை செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் உலகத்தில் பாதி லிஃப்டுகள் இன்றைக்கும் அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் நகர ஆரம்பிக்கின்றன. பாதி என்பது ரொம்ப அதிகம் என்று என் மருமகள் முன்பெல்லாம் திருத்துவாள். அவள் திருத்தத்தையெல்லாம் கேட்டால் ஒரு கதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

தலையில் காடு மாதிரி முடி இருந்ததால் அவனுக்கு மொட்டை என்று பெயர். லிஃப்டுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் எனக்குப் பக்கத்து நாற்காலி. லிஃப்ட் எங்கே நிற்க வேண்டும், எப்போது கதவு திறக்க வேண்டும் என்று கணக்குப் போடும் நிரல் தொகுப்பை, பிரேக் லைப்ரரி என்போம், அவன்தான் எழுதினான். எழுதித் தன் கம்ப்யூட்டரில், தன் பெயர் போட்ட ஃபோல்டரில் வைத்துப் பொட்டலம் கட்டினான். அந்தப் பொட்டலத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். பிறந்த இடத்தின் முழு முகவரியையும் வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொண்டது. வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால், புது வீட்டில் பழைய வீட்டு சுவிட்சைத் தேடி இருட்டில் சுவரைத் தடவுகிறவன் மாதிரி, மொட்டையின் ஃபோல்டரையே தேடும். கிடைக்காவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் கத்தித் தீர்த்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? எந்தப் புது மெஷின் வந்தாலும் முதல் வேலையாக அதில் மொட்டை பெயரில் ஒரு ஃபோல்டரைப் போட்டு, அவன் சாமான்களை அதில் இறக்கினார்கள். கத்தல் நின்றது. அவன் செத்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. உயிரோடு இருந்தவரை வாடகை வீட்டில் இருந்தவனுக்குச் செத்தபின் ஆயிரம் வீடு.

அதே கம்பெனியில் இப்போது என் மருமகள் வேலை பார்க்கிறாள். இந்தக் கூத்தை முடித்துவைக்கக் கிளம்பினாள். எந்தப் பொட்டலமும் தான் பிறந்த இடத்தை நினைவில் வைக்கக் கூடாது, எங்கே இறக்கினாலும் நிற்கிற இடத்திலிருந்தே தன் சாமானைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்துத் திருத்தினாள். புது மெஷினில் முழு மென்பொருளையும் கட்டிப் பார்த்தாள். ஒரு சிவப்பு எழுத்து இல்லை, எல்லாம் பச்சை. அனுமதி வாங்கி, ஒரு காலை நேரத்தில் முதன்முதலாக நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டிலேயே ஏற்றினாள்.

அன்று மத்தியானம் நான் கீழே போனேன். தரைத்தளத்தில் கதவு திறந்தது. இறங்க வைத்த கால் தரையைத் தேடிக்கொண்டு போனது. கதவைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். லிஃப்ட் தரைக்கு மேலேயே நின்றிருந்தது. அடியில் ஒரு கறுப்புக் கோடாக இருட்டு.

அந்த இருட்டை நான் அறிவேன். மொட்டை காலத்துக் கோளாறு அது. தரைக்கு வந்ததும் கணக்கைச் சரிபார்க்காமல், ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட அதிகமாகப் பிசகிக்கொண்டே போகும். அதைத் திருத்திப் பல காலம் ஆயிற்றே!

ஒன்பது மாடியையும் இமயமலை ஏறுகிறவன் மாதிரி ஏறி வீட்டுக்குள் விழுந்தேன்.

"லிஃப்டுக்கு அடியில ஒரு யானை விழுற அளவுக்கு இடைவெளிம்மா!"

"யானையா? போன வாரம் பால்கனிக்கு வந்த பூனையை நீங்க சிறுத்தைன்னீங்க மாமா."

"அது உறுமிச்சு."

"தும்முச்சு," என்றாள் என் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. முட்டி வலிக்காரி, படி இறங்க மாட்டாள். "நான் அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வரேன். நீங்க யானையைக் கட்டிப் போடுங்க." கதவு சாத்திக்கொண்டது.

மருமகள் சிரித்து முடித்தாள். "சரி மாமா, யானையைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க. எவ்வளவு?"

"நாலு விரல்."

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க இவ்வளவு கம்மியா சொல்லி நான் கேட்டதே இல்லையே."

லேப்டாப்பைத் திறந்து, கட்டி முடித்த மென்பொருளுக்குள் ஒரே ஒரு சொல்லைத் தேடினாள். வந்து நின்றான் மொட்டை.

"பிரேக்ல ஒரு இடத்தைத் திருத்தாம விட்டிருக்கேன்," என்றாள். "ஆனா விட்டிருந்தா புது மெஷின் கத்தியிருக்கணுமே? ஏன் கத்தல?"

கூட வேலை பார்ப்பவனுக்கு ஃபோன் போட்டாள். எதையும் முன்கூட்டியே முடித்துவிடுவதால் அவனுக்கு ஆபீஸில் 'அவசரம்' என்று பெயர்.

"புது மெஷின்ல மொட்டை ஃபோல்டர் இருக்கா?"

"இருக்கே! வந்த அன்னைக்கே போட்டுட்டேன். பழைய மெஷின்ல இருந்ததை அப்படியே இறக்கிட்டேன். இல்லன்னா கத்துமே."

"கத்தணும்டா! கத்துதான்னு பாக்கத்தானே டெஸ்டே!"

வெளியே புது லேபிள், உள்ளே கோளாறு திருத்துவதற்கு முந்தைய, செத்தவன் பிரேக். காலையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், தண்ணீர் கேன்காரர், வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ என்று லிஃப்ட் ஓயாமல் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முந்தினதைவிடப் பெரிய பிசகு. நான் இறங்கியபோது நாலு விரல். இப்போது? சும்மா சொல்லி வைத்த யானை நிஜமாகவே புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.

"அத்தை!" என்று அலறினாள் மருமகள்.

வெளியே ஓடினோம். லிஃப்ட் வாசலில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நிறுத்தும்மா!"

"முடியாது மாமா. பழசு நின்ன உடனே கதவைத் திறந்துடும். நடுவழியில திறந்துடும்." பேசிக்கொண்டே மாமியாருக்கு ஃபோன் போட்டாள். "அத்தை, கதவு திறந்தா காலை வெளிய வைக்காதீங்க!"

"ஏன், கீழ யானை நிக்குதா? உன் மாமனார் நோய் உனக்கும் தொத்திக்கிச்சா?" சிரிப்பு. சிரிப்புக்கு நடுவே லிஃப்டின் மணி ஒலித்தது.

ஃபோனைப் பிடுங்கினேன். ஒரு உவமை வரவில்லை, ஒரு மிருகம் வரவில்லை.

"நகராதே," என்றேன்.

கதவு நகரும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய பானைக்குள் காற்று அடைந்தது போல ஒரு ஓசை. தரைத்தளத்துக்குக் கீழேயும் இரண்டு தளம் கார் நிறுத்தம். அவ்வளவு ஆழமும் அந்த ஓசையில் இருந்தது.

"ஏங்க..."

கூரையே பறந்தாலும் "லேசா காத்து" என்று சொல்கிறவள் அவள்.

"யானை விழும்ங்க."

"பின்சுவரோட ஒட்டி உக்காந்துக்க. நான் வரேன்."

காவலாளி மெயின் சுவிட்சை அணைத்தார். இடைவெளியைப் பலகையால் அடைத்து, ஏணி வைத்து அவளை இறக்கினோம். அன்று அவள் என் சட்டையைப் பிடித்த பிடியை இன்னும் முழுசாக விடவில்லை.

மருமகள் லேப்டாப்போடு படியிலேயே உட்கார்ந்து, புது மெஷினில் இருந்த மொட்டையின் ஃபோல்டரை அழித்தாள். மறுபடி கட்டச் சொன்னாள். திரை முழுக்கச் சிவப்பு. அந்தக் கத்தலைப் பார்த்துத்தான் மூச்சு விட்டாள்.

பிறகு அவசரத்தைக் கூப்பிட்டாள். "காலைல கட்டினதை வேற எங்கயும் அனுப்பலையே?"

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது.

"டேய்."

"எல்லாம் பச்சையா இருந்துச்சுல்ல," என்றான் அவன். "உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு..."

மாடிப்படி ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடங்கள் தெரிந்தன. அவற்றின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் லிஃப்டுகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தன.

"பாதி லிஃப்ட் இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் திருத்தவில்லை. அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.