ஒரே பக்கம் பார்த்த இருவர்

கல்லூரியில் அவளுக்கு 'இருட்டு' என்றுதான் பெயர். எந்த அறைக்குப் போனாலும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தி, சுவரில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இறுதியாண்டுக் குறும்படத்துக்கும் அப்படியொரு கதையைத்தான் எடுத்துக்கொண்டாள். கொலை நடந்த ராத்திரி புருஷன் எங்கே இருந்தான் என்று பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள். கதை அவ்வளவுதான், மீதியெல்லாம் நிழலும் சிகரெட் புகையும்.

நடிக்க ஆள் சிக்காமல் அப்பாவையும் அம்மாவையும் பிடித்துப் போட்டாள். அதில்தான் சிக்கல். மாமா ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தன் அண்ணன் உயிர் போகிற நேரத்தில் மனுஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று அம்மாவுக்கு ஆறாத கோபம். 'உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு' என்று நடுவில் தூது போயே அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அதனால் இருவரையும் தனித்தனியாக எடுத்தாள். அப்பா துடைப்பக்கட்டையைப் பார்த்து வசனம் பேசினார். மறுநாள் அம்மா அலமாரியைப் பார்த்துப் பேசினாள். வெட்டி ஒட்டினால் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. ஆனால் இரண்டு நாளும் கேமராவை மேஜைக்கு ஒரே பக்கம் வைக்காமல் கோட்டை விட்டாள். ஒட்டிப் பார்த்தால் இருவருமே இடது பக்கம் பார்க்கிறார்கள், யாரோ விருந்தாளி வந்துவிட்ட மாதிரி.

"ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கறாங்களா?" என்றார் பேராசிரியர். "நாளைக்குள்ள திரும்ப எடுத்துட்டு வா. இல்லேன்னா இந்த வருஷம் உன் படம் கிடையாது." படம் கிடையாது என்றால் பட்டமும் கிடையாது.

தனித்தனியாக எடுத்து மறுபடியும் சொதப்பினால் திருத்த நேரமில்லை. மத்தியானமே ஜன்னலில் போர்வையை மாட்டி, கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை அப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தாள். ஒரே ஒரு விளக்கு, அதுவும் அப்பாவின் முகத்துக்குப் பக்கவாட்டில். அம்மாவின் தோளுக்குப் பின்னால் கேமரா.

"அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?" என்றாள் அம்மா. எழுதிக் கொடுத்த வசனம்தான்.

'ஆபீஸ்ல' என்று அப்பா சொல்ல வேண்டும். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை.

"எங்கதான் இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல," என்றார் அப்பா. "படி வரைக்கும் வந்தேன். உங்கண்ணன அந்தக் கோலத்துல பாக்கத் தைரியம் வரல. விடியற வரைக்கும் வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்."

"இதச் சொல்ல இத்தன நாளா உங்களுக்கு?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

அப்பாவின் கண் கலங்கியது. பாதி முகம் வெளிச்சத்தில், பாதி இருட்டில். இப்படி ஒரு ஷாட் ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது என்று மகளுக்குத் தெரிந்தது. குரலைப் பிறகு மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டமும் தப்பிக்கும். பெற்றவர்கள் அழும்போது கணக்குப் போடுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கேமராவை நிறுத்தக் கை வரவில்லை.

அம்மா திரும்பாமலே பேசினாள். "அந்த லைட்ட அணைடி. அவருக்குக் கண்ணு கூசுது."

இன்னும் ஒரு நிமிஷம் என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு, படம் போனால் போகட்டும் என்று எழுந்துபோய் விளக்கை அணைத்தாள்.