நல்ல ஏரியா கேட்டு வந்தவர்கள்

மெல்பர்னிலிருந்து வந்த அந்த இரண்டு பேரும் முதல் நாள் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோதே ரோஸ்லினுக்குத் தெரிந்துபோயிற்று, இதுகள் லேசில் தேறாத ஜென்மங்கள் என்று. வில்கூனாவில் டாக்சியில் போகிறவன்கூட டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். பின்னால் உட்காருவது குழந்தைகளும், போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறவர்களும்தான். இவர்களோ முன்கதவைத் திறந்து, சீட்டில் கைப்பையை வைத்துவிட்டு, பின்னால் போய் ஏறிக்கொண்டார்கள். வீட்டுத் தரகர் ரோஸ்லின், ஐம்பத்து நாலு வயதில், ஒரு கைப்பைக்கு டிரைவரானாள்.

கணவர் ஹேமிஷ். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய நாற்காலியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி பிலிப்பா. நகரத்து வீட்டை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு, மிச்சக் காலத்தைச் சின்ன ஊரில் கழிக்கக் கிளம்பியிருந்தார்கள். வில்கூனா என்று முடிவாகிவிட்டது. வில்கூனாவில் எந்தப் பக்கம் என்பதுதான் பாக்கி.

"எங்களுக்கு வீடு முக்கியமில்ல ரோஸ்லின். வீட்ட இடிச்சுக் கட்டிக்கலாம். ஏரியாவ இடிச்சுக் கட்ட முடியுமா?" என்றார் ஹேமிஷ்.

என்னவோ ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி சொன்னார். வாங்க வருகிற நாலு பேரில் மூன்று பேர் ரோஸ்லினிடம் சொல்லும் வசனம் அது.

ஏரியாவைச் சோதிக்க இருவருக்கும் ஆளுக்கொரு வித்தை இருந்தது. பிலிப்பா ஒவ்வொரு தெருவிலும் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு நடுத்தெருவில் நிற்பாள். தெருவை "உணர்கிறாளாம்". பின்னால் வருகிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தால், தெருவின் குணம் சரியில்லை என்று திரும்ப ஏறிக்கொள்வாள். ஹேமிஷ் வாசல்களைப் பார்ப்பார். புல்வெளியில் குழந்தைகள் குதிக்கும் வலை நின்றால் சத்தம். நிற்காவிட்டால் எல்லாரும் கிழடு, தினமும் ஆம்புலன்ஸ். வாசலில் படகு நின்றால் கடன்காரன். சிமெண்ட் சிங்கம் வைத்திருந்தால் அதைப் பற்றிப் பேசவே மாட்டார், தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பள்ளிக்கூடத் தெரு ஆகவில்லை. ஆஸ்பத்திரித் தெரு ஆகவில்லை. ஆற்றோரம் கொசு. குன்றின்மேல் இருக்கும் பெரிய வீடுகளாவது இவர்கள் வாயை அடைக்கும் என்று கூட்டிப்போனாள்.

"வேண்டாம். இங்க இருக்கறவங்க தங்களப் பத்தி ரொம்ப உசத்தியா நினைக்கிற மாதிரி தெரியுது," என்றாள் பிலிப்பா.

ரோஸ்லின் சடாரென்று பிரேக் போட்டு இருவரையும் அங்கேயே இறக்கிவிடாமல் இருந்ததே பெரிய காரியம்.

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவர்கள் பின்னால் பேசிக்கொள்ளும் பேச்சு. முன்னால் ஓட்டுகிறவளுக்குக் காது என்று ஒன்று இல்லவே இல்லை என்பது போலப் பேசுவார்கள்.

"இவ இந்த வீட்ட ஏன் இப்படிப் புகழறா தெரியுமா? போணியாகாம கெடக்கு," என்பார் ஹேமிஷ். "தரகர் சொல்றத அப்படியே தலைகீழாப் பிடிக்கணும். அதுதான் கணக்கு."

ஊரிலுள்ள ஒவ்வொரு தெருவிலும் என்ன மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளைக் குடைந்து எடுத்தார்கள். நீ எங்கே இருக்கிறாய் என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தரகர்கள் சாயங்காலமானால் அலுவலக அலமாரியில் போய்த் தொங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய சாலையில் குழாய் வேலை. சுற்றிக்கொண்டு குவாரி தெரு வழியாக வர வேண்டியதாயிற்று. ரோஸ்லினின் தெரு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் எதிர்ச்சாரியில் இருக்கும் கெவ் வீட்டு வாசலில் மடக்கு நாற்காலிகள் வந்துவிடும். ஐஸ் பெட்டியில் பீர் கிடக்கும். கெவ் அடுப்பை மூட்டி சாசேஜைக் கருக்குவார். யாரையும் யாரும் அழைப்பதில்லை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சரி. புருஷன் விட்டுப் போன வருஷம் ரோஸ்லினைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது இந்த வெள்ளிக்கிழமைகள்தான்.

அன்றைக்கும் அவளுக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள். காரைப் பார்த்ததும் கெவ் இடுக்கியைத் தூக்கி ஆட்டினார்.

"ஐயோ பாவம்! வீட்டுக்காரன் சாமானத் தூக்கி வெளிய போட்டுட்டானா?" என்றாள் பிலிப்பா.

"இல்லம்மா. இதுதான் இவங்களோட கிளப்பு," என்றார் ஹேமிஷ். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

இது என் தெரு, அவர்கள் என் ஆட்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கமிஷன் கண்ணுக்கு முன்னால் நின்றது. வில்கூனாக்காரர்கள் எதிரே வருகிறவருக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்குவார்கள். அவள் அதைக்கூடத் தூக்காமல் தெருவைக் கடந்தாள். பின் சீட்டுக்காரர்கள்மேல் இருந்த வெறுப்பில் பாதி அன்றைக்கு அவள்மேலேயே திரும்பியது.

மறுவாரமே ரோஸ்லினின் பக்கத்து வீட்டு வெண்டி, கேரவன் வைத்திருந்த ஒருவரிடம் மனதைப் பறிகொடுத்து, வடக்கே குவீன்ஸ்லாந்துக்குக் கிளம்பினாள். "நல்ல விலைக்குத் தள்ளிவிடு ரோஸ்" என்று வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

முதலில் பார்க்க வந்தவர்கள் ஜோயலும் மேரிசெலும். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து சில வருஷமாகிறது. அவன் இறைச்சிக் கூடத்தில் வேலை, அவள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஜோயல் முன் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டுவதற்குள் அவளுக்கு ஒரு கப் கேக்கை நீட்டினான். மேரிசெல் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரே கெவ் வாசலில் கிடந்த நாற்காலிகளைக் காட்டினாள்.

"அங்க யாரு உக்காருவாங்க?"

"நாங்கதான். வெள்ளிக்கிழமை ஆனா தெருவே அங்கதான் கெடக்கும்."

"நாங்களும் நாற்காலி கொண்டு வரலாமாக்கா?"

அந்த நிமிஷமே ரோஸ்லின் முடிவு செய்துவிட்டாள், வேலிக்கு அந்தப் பக்கம் இவர்கள்தான் என்று. வங்கிக்காரன் திங்கட்கிழமை பதில் சொல்வதாக இருந்தான்.

சனிக்கிழமை காலை ஹேமிஷ் போன் செய்தார். "குவாரி தெருவுல ஒண்ணு விலைக்கு வந்திருக்காமே? எங்ககிட்ட மூச்சு விடலியே?"

"உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"பிடிக்குதா இல்லையான்னு நாங்க சொல்றோம்."

காட்டாமல் இருக்க முடியாது. சரி, வரட்டும், ஓட்டிவிடுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். வெண்டிக்குச் செய்கிற துரோகம்தான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"தெரு ஒரு மாதிரி," என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். "எதிர் வீட்டு ஆளு லாரி வச்சிருக்காரு. விடியறதுக்குள்ள எஞ்சின உறும விடுவாரு."

கெவ் லாரியை விற்றுப் பல வருஷமாகிறது.

"நாய்ங்க தொல்லை வேற. குழாய்ல தண்ணி நூலாட்டம் வரும். வெள்ளிக்கிழமை கூத்த நீங்களே பாத்தீங்க."

"பக்கத்து வீட்டுல?" என்று பிலிப்பா வேலிக்கு மேலே கழுத்தை நீட்டினாள். அங்கே கொடியில் ரோஸ்லினின் இரவு உடை ஆடிக்கொண்டிருந்தது.

"அவளா? அத ஏன் கேக்கறீங்க! தனிக்கட்டை. சிரிச்சான்னா மூணு வீட்டுக்குக் கேக்கும். ராத்திரி ஒரு கிளாஸ் உள்ள போச்சுன்னா பாட ஆரம்பிச்சுருவா, குரலும் கெடையாது, தாளமும் கெடையாது. அடுத்த வீட்டுல யார் வரா யார் போறான்னு ஜன்னல விட்டு நகர மாட்டா."

தன்னைப் பற்றி இவ்வளவு தாராளமாகத் தனக்குப் பேச வரும் என்று ரோஸ்லினே எதிர்பார்க்கவில்லை.

"புருஷன்?"

"ஓடிட்டான். அவகூட எவன் இருப்பான்?"

அதில் பொய் இல்லை. சொன்ன பிறகு நெஞ்சில் சுருக்கென்றது.

திரும்பும்போது பின் சீட்டில் வழக்கம்போலப் பேச்சு.

"கவனிச்சியா பிலிப்பா? இத்தன வாரத்துல இவ ஒரு வீட்டக் குறை சொல்லிக் கேட்டிருக்கமா? பன்றிப் பண்ணைக்குப் பக்கத்து வீட்டையே காத்தோட்டமான எடம்னா. இத மட்டும் இப்படிக் காறித் துப்பறாளே, ஏன்?"

"யாருக்கோ ஒளிச்சு வச்சிருக்கா."

"அதேதான். இந்தத் தெருவுல வெல ஏறப் போகுது. உள்ளூர்க்காரிக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

"ஆனா அந்த ஜனங்க?"

"எத்தன நாளைக்கு இருப்பாங்க? நம்ம மாதிரி நாலு பேர் வந்தா தன்னால காலி பண்ணிக்கிட்டுப் போயிருவாங்க."

ரோஸ்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. எதைச் சொன்னாலும் தலைகீழாகப் பிடிக்கிறவனிடம் இந்தத் தெருவை வானளாவப் புகழ்ந்திருக்க வேண்டும். சொர்க்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கி ஓடியிருப்பான். வாயைக் கொடுத்துத் தானே கெடுத்துக்கொண்டாயிற்று.

அலுவலகம் போய்ச் சேருவதற்குள் பின் சீட்டிலிருந்து விலை வந்துவிட்டது, வெண்டி கேட்டதற்கு மேலேயே, வங்கித் தொல்லை இல்லாத ரொக்கமாக. வந்த விலையை வெண்டிக்குச் சொல்லியாக வேண்டும், அது சட்டம். போனில் வெண்டி போட்ட கூச்சல் கேரவன்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்கும். திங்கட்கிழமை மேரிசெல்லிடம் சொன்னாள். "பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் மேரிசெல். திட்டியிருந்தால் தேவலை.

சாவி கொடுக்கும் நாளுக்காக ரோஸ்லின் ஒன்றைச் சேமித்து வைத்திருந்தாள். அந்த இரண்டு முகங்களும் தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும். இத்தனை நஷ்டத்தில் அதுதான் அவளுக்கு மிஞ்சப் போகிற லாபம்.

சாவி வாங்க வந்த அன்றைக்கு, அவள் தேடிக்கொண்டிருந்த வாய்ப்பைப் பிலிப்பாவே கொடுத்தாள். "அந்தப் பக்கத்து வீட்டுப் பொம்பளைய இன்னும் கண்ணுலயே பாக்கல. முதல் நாளே கறாராப் பேசிடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"பேசுங்களேன்," என்றாள் ரோஸ்லின். "நான்தான் அது."

ஹேமிஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சாவியை ஆராய்ந்தார். பிலிப்பாவின் முகம் தொங்கவில்லை. அவளை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"அப்ப நீங்க சொன்னதெல்லாம் நெஜம்."

"இல்ல, அது வந்து..."

"வெக்கப்படாதீங்க ரோஸ்லின். தன்னோட குறை தனக்கே தெரியறது எவ்வளவு பெரிய விஷயம்! பாதிப் பேருக்கு அது வாய்க்கறதில்ல." அவள் கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தாள். "இனி நமக்குள்ள பேசிக்கறது சுலபம். சத்தம் வந்தா நான் வந்து சொல்றேன், நீங்க புரிஞ்சுக்குவீங்க."

ரோஸ்லின் எதை மறுப்பது? எல்லாம் அவள் வாயிலிருந்து வந்த வாக்குமூலம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கெவ் அடுப்பை மூட்டினார். ரோஸ்லின் முதலில் வந்து முதல் பீரைத் திறந்தாள். புதிதாக வந்தவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இருந்தது, திரை பாதி விலகியிருந்தது. கெவ் தன் மச்சான் ஆட்டு மந்தைக்குள் காரை விட்ட கதையை எடுத்தார். எல்லாருக்கும் மனப்பாடமான கதைதான், ஆனால் ஆடு கார் ஜன்னல் வழியாகத் தலையை நுழைக்கும் இடம் வந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. தெருவே வெடித்துச் சிரித்தது. ரோஸ்லினும் வாயைத் திறந்தாள், சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. தலை தானாக அந்த ஜன்னல் பக்கம் திரும்பியது.

"என்ன ரோஸ், பொறை ஏறிக்கிச்சா?" என்றார் கெவ்.

"யோவ் கெவ், கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்," என்றாள் ரோஸ்லின்.

கெவ் இடுக்கியைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். மற்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.