கண்ணாடி ஏற்றிய வண்டி

ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டே தம்பி கேட்டான்.

"அக்கா, அந்த மூணாவது வளைவுல இன்னைக்காவது கொஞ்சம் வேகமா போவியா? இல்ல, அங்கயும் நிறுத்திப் பசங்கள இறக்கிவிட்டுட்டுத்தான் போவியா?"

"போடா. நீ முதல்ல கோனை இடிக்காம வா. அப்புறம் வாயப் பேசு."

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அதனால் அங்கே எல்லோருக்கும் அவன் 'ஐஸ்'. மூடிப்போன ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்தும் இடத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிமென்ட் தரையில் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைவும் நெளிவுமாக வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். கோனைத் தட்டாமல் யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். அவரவர் வேலைக்குப் போய்வருகிற வண்டிதான் பந்தய வண்டியும். அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய சிவப்பு கார். அவன் ஓட்டி முடித்ததும் அவள் ஏறுவாள்.

"தோள் எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"நேத்து ஒரு பெட்டிய மாடிக்கு ஏத்துனேன்ல, அதான் பிடிச்சிருக்கு. ரெண்டு திருப்பு திருப்பினா விட்டுடும்."

கிளம்பினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. கதவுக்கும் கோனுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை இடம் இருந்தால் அதிகம். மூன்றாவது வளைவில் பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஒரு கோன் ஆடியது; யோசித்தது; நின்றுவிட்டது. முடிவுக் கோட்டில் நின்ற கொடிக்காரர், கோன் எதுவும் விழவில்லை என்று இரண்டு கையையும் தூக்கினார். தம்பி மெதுவாக வண்டியை வேலி ஓரம் கொண்டுபோய் நிறுத்திக் கதவுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

கண்ணாடி ஏறியிருந்தால் யாரும் கிட்டே போவதில்லை. அது அவன் கொண்டுவந்த வழக்கம். ஓட்டி முடித்த சூட்டோடு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு அதே பாதையை மனதில் இன்னொரு முறை ஓட்டுவான். எங்கே பிரேக்கை முந்தித் தொட்டோம், எங்கே பிந்தினோம் என்று கணக்குப் பார்ப்பான். கைகள் காற்றில் திருப்பும். முதலில் கேலி செய்தவர்கள், பிறகு தாங்களும் ஆரம்பித்தார்கள். வேலி ஓரம் வரிசையாகக் கண்ணாடி ஏற்றிய வண்டிகள், உள்ளே தனித்தனியாக ஆடும் கைகள். "நமக்கெல்லாம் வேப்பிலைதான் குறைச்சல்" என்பார் கொடிக்காரர்.

அன்று வேலியை நோக்கி ஒருவர் நடந்தார். மருந்துக்கடைக்காரர், புதிதாகச் சேர்ந்தவர். அக்கா டயரின் காற்றழுத்தம் பார்க்கும் கருவியோடு எழுந்தாள்.

"சார், போகாதீங்க."

"இல்ல மேடம், மூணாவது வளைவைப் பத்திக் கேக்கலாம்னு..."

"கண்ணாடி ஏத்தியிருக்கான் பாருங்க. அவனா இறக்கட்டும். நடுவுல கலைச்சா என்னைத்தான் திட்டுவான்."

அவர் நின்றார். நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தார்.

"கை ஆட்டுறாரே. கூப்பிடுற மாதிரி இருக்கு."

அவளும் பார்த்தாள். முன்கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. அதற்குப் பின்னால் ஒரு கை எழுந்தது, இடப்பக்கம் போனது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"அது நெளிவு சார். இடம், வலம், இடம். இப்ப பாருங்க, மூணாவது வளைவு வரும்."

இருவரும் நின்று பார்த்தார்கள். கை ஒரே பக்கமாக நீளமாக இழுத்துக்கொண்டு போனது.

"வந்துடுச்சு!" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார்.

கை கீழே இறங்கியது.

"முடிச்சுட்டான். இப்ப இறக்குவான்."

கண்ணாடி இறங்கவில்லை. அவள் காத்திருந்தாள். தன் முறைக்கு முன்னால் வண்டியின் டயர்களைப் பார்க்கவேண்டியிருந்தது, அதற்கும் காத்திருந்தாள். கொடிக்காரர் அவள் முறை என்று கூப்பிட்டபோதுதான் போய்க் கண்ணாடியில் விரல் மடக்கித் தட்டினாள்.

"போதும்டா சாமி. மலையேறு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயதில் சின்னவள். மருந்துக்கடைக்காரர்தான் தன் வண்டியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"எப்ப மயக்கம் வந்துச்சு? யாரையாவது கூப்பிட்டாரா? கை, கால் எதாவது ஆட்டினாரா?"

அக்கா மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றாள்.

"கொஞ்சம் முன்னாடி..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலோரம் பழுது பார்க்க வந்த ஒரு ஃப்ரிட்ஜ் கதவில்லாமல் நின்றது. நகர்த்த ஆளில்லாமல் அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டிருந்தார்கள். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். யாரோ வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்தினார்கள். அக்கா இரவெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்திருந்தாள். தம்பி மனைவி கேட்டால் சொல்லிவிட வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

அவளே கேட்டாள்.

"அண்ணி, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. கடைசியா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ஓட்டி முடிச்சுட்டான்மா. நல்லா ஓட்டினான். வேலிகிட்ட நிறுத்தினான்."

"அப்புறம்?"

"கண்ணாடிய ஏத்திக்கிட்டான்." "கை ஆட்டிக்கிட்டு இருந்தான். நான் பாத்தேன். பாத்துட்டு..."

"திருப்பம் போட்டாரா?"



தம்பி மனைவியின் முகம் சட்டென்று தளர்ந்தது. "சாப்பிடும்போதும் அப்படித்தான் அண்ணி. தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் கைய ஆட்டுவாரு. நான் கரண்டியால தட்டுவேன். அப்போ அவரு... ஓட்டிக்கிட்டேதான் போயிருக்காரு. வலி கிலி ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தனியாத் துடிச்சாரோ, யாரையாவது கூப்பிட்டாரோன்னு." அவள் அக்காவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இதச் சொன்னீங்களே. இது போதும் எனக்கு."

வாசலில் புதிதாக யாரோ வந்தார்கள். தம்பி மனைவி பிடியை விடாமலே அவர்களிடம் திரும்பினாள். "அண்ணி பக்கத்துலயே இருந்தாங்க. கடைசி வரைக்கும் கையால ஓட்டிக்கிட்டே இருந்தாராம்." வந்தவர்கள் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதற்கடுத்து வந்தவர்களிடமும் அவள் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக அழுதாள்.

மத்தியானம் மருந்துக்கடைக்காரர் சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். தெருவோரம் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றார். வெளியே வந்து சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

"உள்ள சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார். "கடைசி வரைக்கும் ஓட்டினாருன்னு."

"ஆமா."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வெயிலா இருக்கு, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுத் தெருமுனையை நோக்கி நடந்தார்.

அவள் போகவில்லை. ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டும்போது, கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு முன்னால் இரண்டாவது ஆள் தன் முறை வரும்போது '1' என்ற இலக்கத்தை ஒட்டிக்கொள்வது பந்தய வழக்கம். அவன் ஏழு. அவள் பதினேழு.

கதவில் ஏழு மட்டும் இருந்தது.