தலைவர் படுத்த கட்டில்

தார்ப்பாய் விற்கிற கடைக்குள் மழை ஒழுகினால் வாங்க வந்தவர் சிரிக்காமல் என்ன செய்வார். காலையில் வந்த லாரிக்காரர் முதலில் அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே வரிசையாக வைத்திருந்த நாலு வாளிகளைப் பார்த்தார். கடைசியாக என் கையிலிருந்த தார்ப்பாயைப் பார்த்தார். "தண்ணி உள்ள வராதுன்னு சொல்றீங்க. அது இந்தக் கடைக்குத் தெரியுமா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்தே விலையைப் பாதியாக்கிக்கொண்டு போனார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் அவர்மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் கூரைமேல்தான்.

கடையின் பின்பக்கம் அக்கா தார்ப்பாயின் ஓரத்தில் பித்தளை வளையங்களை அடித்துக்கொண்டிருந்தாள். நாலு அடி, ஒரு இருமல். போன மழைக்காலத்தில் பத்து அடிக்கு ஒரு இருமல் என்று இருந்தது. அவள் தூங்குவதும் அங்கேதான், தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவே, ஈரச் சுவரை ஒட்டி. டாக்டர் போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு மழைக்காலம் இந்த ஈரத்துல படுத்தாங்கன்னா நெஞ்சு தாங்காது. காத்தோட்டமா ஒரு ரூம் பாருங்க."

அப்படி ஓர் அறை எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. இரண்டு ஜன்னல், நல்ல வெயில், அகலமான கட்டில். கூரை ஒழுகுவது படிக்கட்டுப் பக்கத்து மூலையில் மட்டும்தான்; அங்கிருந்துதான் தண்ணீர் கடைக்குள் இறங்குகிறது. அந்த மூலைக்கு மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கால்மணி நேர வேலை. ஆனால் கட்டக் கூடாது. கூரையின் தோற்றம் மாறக்கூடாதாம். அறையில் ஆணி அடிக்கக் கூடாது, கட்டிலில் உட்காரக் கூடாது. ஏனென்றால் புரட்சிக்கு முன்பு தலைவர் பதினோரு நாள் அங்கே ஒளிந்திருந்தார். நாங்கள் குடும்பமாகக் கீழே ஒளிந்திருக்கிறோம்.

எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் மாடியைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அது தலைவருடையது என்றதும், "அப்ப மாப்பிள்ளை எங்க படுப்பாரு?" என்று கேட்பார்கள். கல்லாவுக்கு முன்னால் கிடக்கிற பெஞ்சைக் காட்டுவேன். பிறகு அவர்கள் வருவதில்லை.

உண்மை என்னவென்றால், தலைவர் எங்கள் மாடிக்கு வந்ததே இல்லை. புரட்சி முடிந்த வருஷம், பெரிய கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வந்தது. இந்தத் தெருவில் ஒவ்வொரு கடையாக அரக்கு முத்திரை விழுந்துகொண்டே வந்தது. எங்கள் கடைக்கு இன்னும் மூன்று கடைதான் பாக்கி என்றபோது அப்பா உட்கார்ந்து தலைவருக்கே ஒரு கடிதம் எழுதினார். தாங்கள் இந்த ஏழையின் மாடியில் தங்கியிருந்த நாட்களை மறக்க முடியுமா என்று கேட்டிருந்தார். பேரத்தில் அப்பா யாரிடமும் தோற்றதில்லை. ஆனால் அந்த ஒரு தடவை மட்டும், எதிராளி ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்று அவர் யோசிக்கவில்லை. பத்தே நாளில் பதில் வந்தது. கூடவே ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு ஆட்களும் வந்தார்கள். கடை தப்பியது. மாடி போயிற்று.

எனக்கு அப்போது ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. மாடிக் கட்டில் அவளுடையது. அவள் துணிகளை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இப்போது தலைவரின் ஷூ என்று வைத்திருப்பது அப்பாவின் பழைய ஜோடி. புரட்சியால் எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெண்களுக்கென்று வைத்த மாலை வகுப்பில்தான் அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். அவள் தானாகப் படித்த முதல் வாசகம் அந்தப் பலகை. 'தலைவர் இந்த மேஜையில் விடிய விடிய எழுதினார். விளக்குச் சூட்டின் தடத்தைக் காண்க.' படித்து முடித்துவிட்டு, "இஸ்திரிப் பெட்டிய மறந்துட்டு வேற வேலை பாத்தவ நான்டா" என்றாள்.

லாரிக்காரர் போனதும் நான் சட்டை மாற்றிக்கொண்டு மரபிடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

"எதுக்கு, இன்னொரு மனுவா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. இன்னிக்கு உண்மைய சொல்லிடப் போறேன்."

"உனக்கு அது பழக்கமில்லியேடா. பாத்துச் சொல்லு."

அதிகாரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கட்டில், ஷூ, இஸ்திரிப் பெட்டி. அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார். "அந்தப் பதினோரு நாளும் அவரு எல்லைக்கு அந்தப் பக்கம் மச்சினன் வீட்டுல இருந்தாரு. இங்க ஜனங்க தெருவுல அடி வாங்கிட்டிருந்தாங்க. அத எப்படி எழுதறது? எங்கயாவது இருந்தாருன்னு காட்டணும், இடம் தேடிட்டிருந்தாங்க. உங்கப்பா லெட்டர் வந்துது."

அப்பா ஏமாற்றிவிட்டதாக நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கியவருக்குத்தான் அவசரம் அதிகம் என்று தெரிந்திருந்தால், அப்பா மாடியையும் மிச்சம் பிடித்திருப்பார்.

"தெரியும்னா பலகைய எடுத்துருங்க சார்."

"எடுக்கலாம். பொய்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்ப உங்க கடைக்குக் குடுத்த விலக்கும் செல்லாது. கடைய சர்க்கார் எடுத்துக்கும்."

"மத்தவங்க கடையெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சே?"

"எடுத்த கடையத் திருப்பிக் குடுத்தோம். உங்களுத எடுக்கவே இல்லியே. முதல்ல எடுக்கணும், அப்பறம்தான் குடுக்க முடியும். குடுக்கற சட்டம் போன வருஷத்தோட முடிஞ்சு போச்சு."

பேரம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவன் அவ்வளவு சுலபத்தில் எழுந்து போவானா. "சரி சார், வந்தாருன்னே இருக்கட்டும். பதினோரு நாள் வேணாம், ரெண்டு நாள்னு வச்சுக்கங்க. ரெண்டு நாளைக்கு ஒரு ரூம் முழுக்கவா?" என்றேன். அவர் சிரித்தார். ஒரே நாள் என்று இறங்கினேன். அறையை விடுங்கள், கட்டில் மட்டும் போதும் என்றேன். கட்டிலும் வேண்டாம், கூரையின் ஒரு மூலைக்குத் தார்ப்பாய் மட்டும் என்றேன்.

"தார்ப்பாய்க்கு மனு குடுங்க."

"மூணு வருஷமா குடுத்துட்டிருக்கேன்."

"நான் வந்தே மூணு மாசம்தான் ஆகுது" என்றவர், ஆரஞ்சிலிருந்து ஒரு சுளையை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவ்வளவு நேரம் பேசியதற்குக் கிடைத்தது அதுதான். அதுவும் புளித்தது.

மத்தியானம் கடைக்குத் திரும்பினால் உள்ளே சத்தமே இல்லை. சுத்தியல் தரையில் கிடந்தது. வாளி ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அடி இல்லை, இருமலும் இல்லை. இருமல் நின்றுபோனது எனக்கு அப்படிப் பயமாக இருக்கும் என்று நினைத்ததில்லை. படிகளில் ஓடினேன். மாடி வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து கிடந்தது. எங்கள் கடைக் கயிறுதான்.

அக்கா தன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரண்டு ஜன்னல்களும் திறந்திருந்தன. அப்பாவின் ஷூவை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன. வாய் லேசாகத் திறந்திருக்க, மூச்சு எங்கும் தட்டாமல் போய் வந்துகொண்டிருந்தது. அவள் இப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

கீழே காலடிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, இருக்கீங்களா? இன்னிக்குப் பன்னெண்டு பேரு" என்றது தினமும் மாடியைப் பார்க்க ஆட்களைக் கூட்டிவருகிற வழிகாட்டிப் பெண்ணின் குரல். "மேல வரலாமா?"

கட்டிலில் ஆள் இருப்பதை யாராவது பார்த்தால் சாயங்காலத்துக்குள் கடைக்கு முத்திரை விழும். அக்காவின் தோளைத் தொடக் கையை நீட்டினேன். தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பாதிப் படிவரை இறங்கி, நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"வாங்க, வாங்க. அப்படியே படியில உக்காருங்க. மேல போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கேட்டுக்கணும். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

வழிகாட்டிப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பதினோரு நாள் கதைதானே அண்ணே? நானே சொல்லிடுவேனே."

"பதினோரு நாள்னு பலகையில போட்டது. மொத்தம் பதினஞ்சு நாள்மா" என்றேன். "கடைசி நாலு நாளப் பத்தி எங்கப்பா வெளிய மூச்சு விடல."

அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். மூலையிலிருந்து ஒரு சொட்டு அந்தப் பக்கத்தின்மேல் விழுந்தது. அவர் அதைக் கையால் துடைத்துவிட்டு, பேனாவுடன் காத்திருந்தார்.