மங்களூருக்கு ஸ்வெட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் எனக்கு ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கன்னடத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும் மனு. போன ஆடி மாதம் ஒருவர் கடைக்குள் வந்து, மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"எம் பொண்டாட்டி இங்க எதுக்கு வர்றா?"

உண்மையைச் சொன்னால் அவர் மனைவி மாட்டிக்கொள்வார். சொல்லாமல் நின்றால் அந்த மனிதர் நினைத்துக்கொண்டு வந்ததே உண்மையாகிவிடும். "கதை எழுதறேன். அவங்க வேலை பத்திக் கேட்டு எழுதிக்கறேன்" என்றேன்.

அவர் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிச்சதும் குடுங்க. எனக்குத் தமிழ் நல்லாப் படிக்க வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பெயர் அருண்ராஜ். லாரி டிரைவர். அவர் சந்தேகத்தைத் தீர்க்க நான் கதை எழுதியாக வேண்டும். மனு எழுதிப் பிழைக்கிறவன். இதற்குமுன் ஒரு கதைகூட எழுதியதில்லை. (இதை நம்ப வேண்டாம். மூன்று எழுதிக் கிழித்திருக்கிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: "கபினி ஆறு கறுத்து ஓடிய ஒரு காலையில் ஜோதிமணி…"

வேண்டாம். கபினி கறுத்ததை நான் பார்க்கவில்லை.

தொடக்கம் இரண்டு: "பீட் என்பது சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருடங்கள் தண்ணீருக்கடியில் மக்கி…"

பள்ளிக்கூடப் பாடம். ஆனாலும் இது தெரியாமல் கதை நகராது என்பதால் பாடத்தை முடித்துவிடுகிறேன். பீட் என்பது நிலக்கரி ஆவதற்கு வெகு முன்பே நின்றுபோன மண். கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். மைசூருக்கு வெளியே ஒரு சின்ன ஃபேக்டரியில் அதை உலர்த்தி, சலித்து, கழுவி, களிமண் சேர்த்து உருண்டை பிடித்துச் சூளையில் வாட்டுகிறார்கள். அந்த உருண்டைகளைத் தொட்டியில் நிரப்பிச் சாயக் கழிவுநீரை மேலே ஊற்றினால், சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் கீழே விடும். வேலை செய்கிறவர்கள் பீட் என்பதில்லை. 'கரிமண்' என்கிறார்கள்.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்.

சல்லடையில் ஒரு பச்சை வேர் கிடந்தது.

சல்லடையில் நின்றவர் ஜோதிமணி. ஹனூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மைசூர் வந்தவர். கரிமண் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறது என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும். மாதக்கணக்கில் பிளாஸ்டிக்குக்குள் இறுக்கிக் கிடந்த மண்ணில் நகத்தால் கீறினால் பால் வருகிற வேர் எப்படி இருக்கும்? சூப்பர்வைசர் விஜய்குமாரிடம் காட்டினார்.

"மழைல நனைஞ்சு முளைச்சிருக்கும்" என்றார் அவர். அதை வாங்கினார். குப்பையில் போடவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"குப்பையில போட்டிருந்தார்னா நானும் மறந்திருப்பேனுங்ணா" என்று ஜோதிமணி பிறகு என்னிடம் சொன்னார். "பையில எதுக்குங்க வெச்சுக்கோணும்?"

3

ஆனால் அவருக்குச் சந்தேகம் வந்தது முதலில் மண்மேல் அல்ல. புருஷன்மேல்.

அருண்ராஜ் அதே ஃபேக்டரியின் லாரியைத்தான் ஓட்டினார். வாரம் ஒரு நடை. மங்களூர் துறைமுகத்துக்குப் போய் மூட்டை ஏற்றி வருவதாக வீட்டில் சொல்வது. பையில் லுங்கி, துண்டு, சோப்பு, ஒரு ஸ்வெட்டர்.

மங்களூருக்கு யாராவது ஸ்வெட்டர் கொண்டுபோவார்களா? கேட்டதற்கு, "விடியக்காலைல லாரில சில்லுன்னு காத்தடிக்கும்" என்றாராம். சரி, இருக்கலாம். மங்களூரிலிருந்து வருகிற மனிதர் ஒரு தடவையாவது மீன் வாங்கி வர வேண்டாமா? இவர் காரட் வாங்கி வந்தார். தழையோடு, ஈர மண்ணோடு.

(ஸ்வெட்டரும் காரட்டும் சேர்ந்து வந்தால் கதை ஜோடித்ததுபோல் இருக்கிறது, ஒன்றை எடுத்துவிடலாம் என்று யோசித்தேன். எடுக்க மனம் வரவில்லை. சந்தேகத்துக்கு ஒரு துரும்பு கிடைத்தால் போதும், அதுவே போய் மற்றதைப் பொறுக்கிக்கொண்டு வரும்.)

மலைமேல் எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஜோதிமணி முடிவு செய்தார். அவளுக்கு உயரம், நிறம் எல்லாம்கூட மனசுக்குள் வந்துவிட்டது. மூன்று வாரம் ஒன்றும் கேட்கவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டரை வாளியில் ஊறப்போட்டார்.

தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது.

"தெனமும் கரிமண் கழுவற எடத்துக்குப் பக்கத்துல நிக்கறனே, அந்த நெறம் எனக்குத் தெரியாதுங்களா? மூட்டைக்கு வெளிய நிக்கற டிரைவருக்கு முழங்கை வரைக்கும் எப்படீங்க ஏறும்?"

கையை விட்டுத் துழாவினார். ஸ்வெட்டர் கையின் மடிப்பில் ஒரு வேர் ஒட்டியிருந்தது. பச்சை.

4

அடுத்து நடந்ததை ஜோதிமணி சொன்னபடியே எழுதுகிறேன். அவர் சொன்னது முழுவதும் உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அருண்ராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜோதிமணி வாளியைக் கொண்டுவந்து தட்டுக்கு எதிரே வைத்தார்.

"இது எந்தூர்த் தண்ணீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "ஊட்டிக்கு மேல" என்றார்.

"யாரவ?"

"எவ?"

"அதத்தான் கேக்கறேன், யாரவ?"

"லூசா நீ? மண்ணுடி. மண்ணு அள்ளப் போறேன்."

பிறகு எல்லாம் வந்தது. கப்பலில் வரும் கரிமண் நின்று எட்டு மாதம் ஆகிறது. நீலகிரியில் மலையுச்சிப் புல்வெளிக்கு நடுவே ஒரு சதுப்பு. அதை வெட்டி, எரு என்று பில் போட்டுக் கீழே கொண்டுவந்து, பழைய ஐரோப்பா மூட்டைகளில் மாற்றித் தைக்கிறார்கள். வெட்டுவது வேறு ஆட்கள். ஆள் குறைந்தால் இவரும் இறங்குவார்.

"தப்பில்லீங்களா?" என்று ஜோதிமணி கேட்டிருக்கிறார்.

"தண்ணியச் சுத்தம் பண்ணத்தான போவுது. சாராயம் காய்ச்சவா போவுது?" தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரே சொன்னாராம்: "ஒரு பொம்பள கேட்டா."

"எந்தப் பொம்பள?"

"கீழூர்க்காரி. சதுப்புலேர்ந்து கசியற ஊத்துதான் அவங்களுக்குக் கோடையில தண்ணி. வெட்டினதுல ஊத்து கலங்கி, நூலு மாதிரி வருதாம். கொடத்தோட வந்து நின்னா. சண்டகூடப் போடல. 'எங்க தண்ணிய மூட்ட கட்டிட்டுப் போறீங்களே'ன்னா. அவ்ளோதான்."

இதை என்னிடம் சொல்லும்போது ஜோதிமணி மேஜைமேல் இருந்த பசை டப்பாவைத் திருகித் திருகி மூடினார். "வேற பொம்பள இல்லன்னதும் எனக்கு உசுரு வந்துச்சுண்ணா. சிரிச்சுட்டேன். அவரு முன்னாடியே சிரிச்சேன். அப்பறம்தான் அந்தக் கொடம் கண்ணுல வந்து நின்னுச்சு. சோறு எறங்கலீங்க."

5

மனு எழுத வந்தார். வனத்துறைக்கு. கீழே பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். நம் ஊரில் இதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர்.

முதல் நாள் அவர் தமிழில் சொல்ல, நான் கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று அடித்தேன். சதுப்பு இருக்கும் இடம், மூட்டை மாற்றும் கொட்டகை, ஃபேக்டரியின் பெயர். எல்லாம் வந்தது.

"வண்டி நம்பர்?" என்றேன்.

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பர் இல்லைன்னா இதைப் படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்க. நம்பர் இருந்தா முதல்ல மாட்டறது டிரைவர்தான். ஓனர் இல்லை. அதையும் நானே சொல்லிடறேன்."

"தெரியுமுங்ணா" என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டாம் நாள் வந்து, அந்த ஊற்றைப் பற்றி இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். மூன்றாம் நாள் நம்பரைச் சொன்னார். அடித்தேன். அழிக்கச் சொன்னார். அழித்தேன். (அழித்தது திரையில்தான்.)

அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு, அச்செடுத்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஜோதிமணிக்கு அந்த ஊற்றின்மேல் உண்மையிலேயே அக்கறையா? இல்லை, எட்டு மாதம் பொய் சொன்ன புருஷனுக்கு ஒரு பாடமா? கேட்டே விட்டேன்.

"பொய் சொன்னதுக்குன்னா வீட்டுலயே நாலு அறை அறைஞ்சிருப்பேன். மனு எதுக்குங்க?" என்றார். சிரிக்கவில்லை.

நம்பினேன். சாயங்காலம் கடையை மூடும்போது மறுபடி சந்தேகம் வந்தது.

6

மறுநாள்தான் அருண்ராஜ் வந்து மேஜைமேல் கையை ஊன்றினார். நான் கதை என்றேன். அந்த வாரமே ஜோதிமணியும் வந்தார்.

"கதையா எழுதறீங்க? வீட்டுல வந்து 'நீ கதையில வர்றியாமே'ங்கறாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"எழுதித்தான் ஆகணும்" என்றேன்.

எழுதியவரை வாசித்துக் காட்டினேன். சிரித்ததைச் சொல்லுமிடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்தார். "அத எடுத்துருங்க. அவரு படிப்பாரு." சரி என்று தலையாட்டினேன். (எடுக்கவில்லை. மேலே நீங்களே படித்தீர்கள். கதை எழுதுகிறவன் தலையாட்டுவதை நம்பக் கூடாது.)

அருண்ராஜுக்குக் கொடுத்தது வேறு பிரதி. அதில் சிரிப்பும் இல்லை, மனுவும் இல்லை. ஒரு பெண், ஒரு சல்லடை, ஒரு வேர், ஒரு வாளி. அவ்வளவுதான். கடையிலேயே உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"ஸ்வெட்டர் எனக்கு எடுத்துக் குடுத்ததே அவதான். தேவராஜ மார்க்கெட்ல. அதப் போடுங்க" என்றார்.

"போட்டுடறேன்."

தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "இதுல உங்க கடை ஏன் சார் வரல? நான் வந்து கேக்கறதுக்கு முன்னாடியே மூணு தடவ வந்திருக்கா. மூணு தடவையும் சும்மா கதை சொல்லிட்டா போனா?"

அவர் கண் என் பின்னால் சுவரில் தொங்கிய பலகைக்குப் போனது. 'இங்கு எல்லா வகை மனுக்களும் எழுதித் தரப்படும்.' நிதானமாகப் படித்தார். தாளைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் முதுகு வலி என்று சொல்லி லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். வீட்டில் அவர் ஜோதிமணியிடம் அந்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையாம். கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது என்றார் ஜோதிமணி.

7

இங்கே கதையை முடித்திருக்கலாம். முடிக்கவும் பார்த்தேன்.

முடிவு அ: "ஃபேக்டரி முதலாளியைக் கைது செய்தார்கள்…" நடக்கவில்லை.

முடிவு ஆ: "அந்த மழைக்காலத்தில் சதுப்பு மெல்ல நிறைந்து, ஊற்று…" ஆயிரம் வருடத்தில் சேர்ந்தது ஒரு மழையில் நிறையாது. எழுதும்போதே கூசியது.

நடந்தது இதுதான். லாரியை வேறொருவர் ஓட்டத் தொடங்கினார். ஐந்தாவது வாரம் மலைப்பாதைச் செக்போஸ்ட்டில் அதை நிறுத்தி, மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். டிரைவரை ரிமாண்ட் செய்தார்கள். பேப்பரில் ஆறு வரிச் செய்தி. 'பெயர் குறிப்பிடாத மனு ஒன்றின் பேரில்' என்று அதில் இருந்தது.

அன்று மத்தியானமே ஜோதிமணி மூச்சிரைக்க வந்தார்.

"நீங்க அனுப்புனீங்களா?"

"நீங்க அனுப்பலையா?"

"அத நான் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேனுங்ணா. சத்தியமா." கொஞ்சம் யோசித்தார். "போடறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு பையில காணோம். அப்பறம் இருந்துச்சு."

அந்த இரண்டு நாள் வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை. என் பார்வையிலும் இருந்திருக்காது.

வெட்டுவது நின்றிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. சல்லடையில் இப்போது தென்னைநார்த் தூள் ஓடுகிறது. அதை உருண்டையாக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். ஜோதிமணிக்கு வேலை இருக்கிறது. விஜய்குமார் மட்டும் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

8

இன்று காலை ஒரு பெண் வந்தார். பெயர் ஸ்வாதி. ரிமாண்டில் இருக்கும் டிரைவர் சிவகுமாரின் மனைவி. கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பேசினார். மனு எழுத வேண்டுமாம். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு ஏனும் கொத்தில்ல சார். ஒண்ணும் தெரியாது. உரம்னு சொன்னாங்க, ஏத்திட்டு வந்தாரு. நாலே வாரம்தான் ஓட்டினாரு. முன்னாடி ஓட்டினவரு அவரு பாட்டுக்கு விட்டுட்டுப் போய்ட்டாரு, இவரு மாட்டிக்கிட்டாரு."

அடித்தேன். அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் அடித்தேன்.

"யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க சார். அத விசாரிக்கணும்னும் போடுங்க. பெரிய ஆள விட்டுட்டு டிரைவர மட்டும் புடிக்கற மாதிரி எழுதினவங்க யாரு? அவங்களுக்கும் வீடு வாசல் இருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன்.

"யாரு மேல சந்தேகம்னு எழுதணுமா?"

"எழுதலாம். கட்டாயம் இல்லை."

வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த ஃபேக்டரில யாரையும் தெரியாது சார். உங்களுது நாலு பேரு வந்து போற எடம். நீங்களே ஒரு பேரு போடுங்களேன்."

'சந்தேகப்படும் நபர்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்தேன். மூன்று பெயர்கள் எனக்குத் தெரியும். மூன்றில் ஒன்று என்னுடையது. கடுதாசியைத் தபாலில் போட்டது யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஸ்வாதியின் கோபம் முழுவதும் ஒரே ஒருவர் தலையில் போய் விழும். அந்த ஒருவர் அதைத் தாங்க மாட்டார்.

ஸ்வாதி காத்துக்கொண்டு நிற்கிறார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் ஒருவர்மேல் சந்தேகம் விழுந்திருக்கும்.

சொல்லுங்கள். அடிக்கட்டுமா?