வெட்டிய எட்டாம் நாள்

அப்பாவின் இடது கை நகங்களை வெட்டி முடித்து அவள் வலது கையை எடுத்தபோது, அவருடைய வாய் கோணலாக அசைந்தது.

“யூரியா போட்டாச்சா?”

பக்கவாதம் வந்து படுத்த பத்து நாளில் அவர் முழுசாகக் கேட்ட முதல் கேள்வி அது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. இளைய மகளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அவரோடு வயலில் நிற்பவள் அவள்தான்.

அவர்கள் வளர்த்தது மாட்டுத் தீவனப் புல். விற்றது அதன் விதை. பழைய புல்லை ஒட்ட வெட்டிய ஒரு வாரத்துக்குள் தழைச்சத்து கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் தூர்கள் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகக் கதிர்விட்டு, ஒன்றாக முற்றும். நாள் தவறினால் கதிர் முன்னும் பின்னுமாக வரும். ஒரு பக்கம் பால் பிடிக்கும்போதே மறுபக்கம் விதை உதிர்ந்து மண்ணுக்குப் போய்விடும். கட்டிலில் கிடந்தபடியே வெட்டு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டவர், அன்றிலிருந்து அதே நினைப்பாகத்தான் இருந்திருக்கிறார்.

அவள் நான்காம் நாளே போட்டுவிட்டிருந்தாள். டிராக்டர்காரரை வைத்து, வெயில் ஏறுவதற்குள் முடித்தாயிற்று. மறுநாள் நல்ல தூறலும் விழுந்தது. போட்டாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்லப்பா,” என்றாள். “இன்னும் போடல.”

அம்மா செத்துப்போனதும் இப்படிப் புல் வெட்டிய ஒரு வாரத்தில்தான். அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரா என்று அம்மா மூன்று முறை கேட்டாள். இவள் வயலுக்கு ஓடினாள். “இன்னும் எட்டு மூட்டைதான் இருக்கு, முடிச்சுட்டு வரேன். இன்னைக்கு விட்டா போச்சு,” என்றார் அவர், உரம் வீசுகிற கையை நிறுத்தாமல். முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்ததும் உள்ளே நுழையவில்லை. குழாயடியில் நின்று, முழங்கை வரை சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவினார். அதற்குள் அம்மாவின் கண்களை இவளே மூடிவிட்டிருந்தாள். அந்த வருஷம் விதை அமோகமாக விளைந்தது.

“எத்... எத்தனாவது நாள்?”

“எட்டு.”

“போ. இப்பவே போ.”

“உங்கள இப்படி விட்டுட்டு எப்படிப்பா போவேன்?” குரலைக் குழைத்துத்தான் கேட்டாள். “உரம் எங்க ஓடிடப் போகுது?”

அவர் கையை அவளிடமிருந்து உருவிக்கொண்டார். விழாத கை அது ஒன்றுதான். அது போர்வைமேல் மூடியது, வீசுவதுபோல் விரிந்தது, மறுபடி மூடியது. கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள். கையைத் திரும்பப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலில் ஆரம்பித்தாள். சுண்டுவிரல் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவசரப்படாமல் வெட்டினாள்.

மோதிரவிரலுக்கு வந்தபோது கை கனத்தது.

மீதி இரண்டு நகத்தையும் வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

மத்தியானம் டிராக்டர்காரர் நாற்காலிகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். அப்பாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

“வயல் பக்கமாத்தான் வந்தேன். ஒரே சீரா துளிர் விட்டிருக்கு. ஐயா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. உரம் போட்டத அவர்கிட்ட சொல்லிட்டீங்கல்ல?”

“ம்.”

“அப்ப நிம்மதியாத்தான் போயிருப்பாரு.”



அக்கா வந்து சேர மூன்று மணியாயிற்று. அப்பா படுத்த செய்தி வந்தபோதே கிளம்பியிருக்கலாம். லீவு கிடைக்கவில்லை என்றாள். அழுது ஓய்ந்ததும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கடைசியா ஏதாவது கேட்டாராடி?”

“கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

இவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“உன்னத்தான்,” என்றாள். “நீ வந்துட்டியான்னு மூணு தடவ கேட்டாரு.”

அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு கட்டிலோரமாகச் சரிந்தாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டு ஓடினார்கள்.

வெளியே மழை தொடங்கியிருந்தது. அவள் வாசலுக்குப் போய், நனைந்துகொண்டிருந்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவர் ஓரமாக இழுத்துவைத்தாள்.