அழித்து எழுதிய அளவு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலி நுனியில், இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தால் அவை நடுங்கும். பக்கத்தில் அவர் மனைவி. எதிரே குடிநோய் சிகிச்சை மையத்தின் ஆலோசகி, பென்சிலும் படிவமுமாக.

"ஒரு நாளைக்கு எவ்வளவுண்ணே குடிப்பீங்க? உள்ளதைச் சொல்லுங்க. போன மாசம் நீங்களா நிறுத்தி வலிப்பு வந்துச்சே, அது மறுபடி வராம மருந்து கொடுக்கணும். கணக்கு தப்பினா உயிருக்கே ஆபத்து."

"அரை பாட்டில்மா."

ஆலோசகி எழுதினாள். மனைவி தொண்டையைச் செருமினாள்.

"அதுல பாதின்னு போட்டுக்கோம்மா. மீதி குழாய்த் தண்ணி. ஆறு மாசமா நான்தான் கலக்குறேன்."

கடைக்காரர் எகிறுவார் என்று ஆலோசகி நினைத்தாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழித்துவிட்டுக் கால் பாட்டில் என்று எழுதினாள்.

"அது எனக்குத் தெரியும்மா," என்றார் அவர் மெல்ல. "முதல் நாளே நாக்கு சொல்லிடுச்சு. அதான் கடையில இன்னொரு பாட்டில். லென்ஸ் துடைக்கிற பாட்டில் வரிசைக்குப் பின்னால."

"அடப்பாவி மனுஷா! தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"கலக்குறதுல உனக்கு ஒரு நிம்மதி. அதை ஏன் கெடுக்கணும்னு..."

"குடி குறைஞ்சிருச்சுன்னு சாமிக்கு தினம் நன்றி வேற சொன்னேனே!"

"வீண் போகலையே. இன்னைக்கு வந்துட்டேன்ல?"

ஆலோசகி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "கடைப் பாட்டில்ல எவ்வளவுண்ணே?"

"முக்கால்."

"அதுல யாராச்சும் தண்ணி கலக்குறாங்களா?"

"அங்க நான் மட்டும்தான்மா."

மறுபடி அழித்ததில் படிவம் கிழிந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில் 'முழு பாட்டில்' என்று எழுதி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

"பத்து நாள் இங்கேயே தங்கணும்ணே. வீட்டுல வச்சு நிறுத்த முடியாது."

"கடை?"

"நான் திறக்குறேன்," என்றாள் மனைவி. "முதல் வேலையா அந்த வரிசையைத்தான் ஒழிக்கப் போறேன்."

முதல் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தன. கடைக்காரர் தயங்கிக் கையை வெளியே எடுத்தார். அது நடுங்கியது. மனைவி டம்ளரின் அடியைத் தாங்கிக்கொண்டாள்.

அவர் மோந்து பார்த்தார். "இதுல ஒண்ணும் கலக்கலையே?"

"இனிமே கலக்க மாட்டேன். நீங்களும் ஒளிக்காதீங்க."

பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. மாத்திரை உள்ளே போய்விட்டது.